நூறு யாருடையது?

சாதாரண தரப் பரீட்சையில் நான் முதல் தடவை கணிதத்தில் தவறியதற்கு ஒரு குடையும் காரணம். கேத்திரகணிதமும் தன் பங்குக்கு உதவியது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை உறுத்துவது குடைதான். ஏனென்றால் நான் கடைக்காரர் மகள். இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டச் சந்தியில் அப்பா வைத்திருந்த சின்னக் கடையில் எட்டு வயதிலிருந்தே மிச்சக்காசு எண்ணிக் கொடுத்தவள். ஓர் இறாத்தல் பாண், கால் கிலோ பருப்பு, அரைப் போத்தல் தேங்காய் எண்ணெய் என்று வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டுத்தொகை என் வாயில் நிற்கும். பெறுபேறு வந்த அன்று தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பாட்டி ஒருவர், "எங்கள் கடன் கொப்பியில் மட்டும் ஒரு சதம் பிசகாமல் எழுதுகிறாயே அம்மா, அங்கே என்ன ஆயிற்று?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு இருபது வருடம் பிடித்தது.

இரண்டாம் தடவை சித்தியடைந்தேன். பிறகு கணிதமே படிப்பித்தேன். இப்போது ஓய்வு. வாரத்தில் மூன்று மாலைகள், ஒரு காலத்தில் தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பராவில் பதினோராம் தரப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் என் குரல் முதல் வாங்கைத் தாண்டாது, கரும்பலகைதான் பேசும். அந்தக் கரும்பலகையின் மேல் மூலையில் நான் அழிக்காமல் வைத்திருக்கும் வரி ஒன்றே ஒன்று: நூறு யாருடையது?

விலைக் கணக்கு என்றால் இந்த ஒரு கேள்விதான். சதவீதம் என்பது நூறில் இத்தனை பங்கு; அந்த நூறாக எந்த விலையை எடுப்பது என்பதே கேள்வி. மற்றதெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்.

கடையில் கணக்குத் தெரிந்த பிள்ளை வினாத்தாளில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் பொருள் ஒவ்வொன்றாகக் கைக்கு வருகிறது, விலையும் கூடவே வருகிறது. வினாத்தாளில் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்து விழுகின்றன. அதிலும் ஒரு விலையை வேண்டுமென்றே ஒளித்துவிடுகிறார்கள். போதாதற்கு "20 %" என்று ஒன்றை எழுதி, எதன் 20 % என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

அப்பாவின் கடையில் ஒரு பொருளுக்கு மூன்று விலைகள் இருந்தன. பெட்டியின் அடியில் பென்சிலால் இரண்டு மூன்று எழுத்துகள் கிறுக்கியிருப்பார். பத்து எழுத்துகளுக்குப் பத்து இலக்கங்கள். வீட்டாரைத் தவிர யாருக்கும் புரியாது. அது வாங்கிய விலை. பெட்டியின் மேல் ஒட்டிய துண்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதியிருப்பது குறித்த விலை. வந்தவர் பேரம் பேசி, அப்பா தலையைச் சொறிந்து, கடைசியில் மேசையில் விழுகிற காசு விற்ற விலை. உங்கள் கொப்பியிலும் இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பழகுங்கள். பிறகு இந்த நான்கு வரிகளை மனத்தில் வையுங்கள். மனப்பாடம் செய்வதற்கு நான் பிள்ளைகளை வற்புறுத்துவது இவற்றுக்கு மட்டும்தான்.

இலாபமும் நட்டமும்: நூறு, வாங்கிய விலையுடையது.
கழிவு: நூறு, குறித்த விலையுடையது.
தரகு: நூறு, விற்ற விலையுடையது.
பெறுமதி சேர்க்கப்பட்ட வரி: நூறு, வரி சேர்ப்பதற்கு முந்திய விலையுடையது.

வினாவிலேயே வேறு விதமாகச் சொல்லியிருந்தால் வினா சொல்வதே சட்டம். சொல்லாதபோது இந்த நான்கும் போதும்.

இனி அந்தக் குடை. எண்கள் எனக்கு நினைவில்லை, வாக்கியத்தின் நடை மட்டும் நினைவிருக்கிறது. ஏறக்குறைய இப்படி:

"ரூபா 800 இற்கு வாங்கிய குடையொன்றை 10 % கழிவு கொடுத்தும் 12½ % இலாபம் பெறும் வகையில் விற்பதற்கு ஒரு வியாபாரி அதன் விலையை எவ்வளவாகக் குறிக்க வேண்டும்?"

ஒரே வாக்கியம். நம் மொழி இப்படித்தான் பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொண்டு போகும். கேள்வி கடைசிப் பெட்டியில் இருக்கும். பிள்ளைகள் முதல் பெட்டியிலேயே ஏறி உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். 10 % என்றது. 12½ % என்றது. இரண்டையும் கூட்டினேன், 22½ %. எண்ணூறின் 22½ % நூற்றெண்பது. விலை 980 ரூபா. அழகாக அடிக்கோடும் போட்டேன்.

இப்போது நான் சொல்லித்தரும் முறை வேறு. முதலில் வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்: "எவ்வளவாகக் குறிக்க வேண்டும்". ஆக, தேடுவது குறித்த விலை. அதை ஒரு வட்டத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, வாக்கியத்தை வினைகளில் வெட்டுங்கள். வாங்கிய, கழிவு கொடுத்தும், இலாபம் பெறும், விற்பதற்கு, குறிக்க. ஒவ்வொரு வினையும் ஒரு சம்பவம். வாக்கியத்தில் வருகிற வரிசையும் கடையில் நடக்கிற வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கடையில் முதலில் வாங்குகிறார், பிறகு விலை குறிக்கிறார், பிறகு கழிவு கொடுக்கிறார், அதன் பிறகு விற்கிறார், கடைசியில்தான் இலாபம் எவ்வளவு என்று தெரிகிறது. வினாவோ வாங்கியதைச் சொன்ன கையோடு கழிவையும் அடுத்து இலாபத்தையும் கடைசியில் குறித்த விலையையும் சொல்கிறது. நாம் கணக்குப் போடும் வரிசை இன்னொன்று: தெரிந்த விலையிலிருந்து தொடங்க வேண்டும். தெரிந்தது வாங்கிய விலை.

இலாபத்தின் நூறு வாங்கிய விலையுடையது. ஆகவே:

வாங்கிய விலை 100 என்றால் விற்ற விலை 112½.
வாங்கிய விலை ரூ. 800. அதன் 12½ %, அதாவது எட்டில் ஒன்று, ரூ. 100.
விற்ற விலை ரூ. 900.

இங்கே நிறுத்துங்கள். ஒரு நூறு முடிந்துவிட்டது. அடுத்த நூறு வேறொருவருடையது. கழிவின் நூறு குறித்த விலையுடையது. எனவே:

குறித்த விலை 100 என்றால் விற்ற விலை 90.
விற்ற விலை ரூ. 900. ஆகவே ஒரு பங்கு ரூ. 10.
குறித்த விலை ரூ. 1,000.

இரண்டு நூறுகளுக்கும் நடுவில் விற்ற விலை பாலமாக நிற்கிறது. அதைத் தாண்டாமல் அக்கரைக்குப் போக முடியாது. 10 ஐயும் 12½ ஐயும் கூட்டியது ஏன் தவறு என்றால், ஒன்று குடையின் மேலே ஒட்டிய துண்டின் பங்கு, மற்றது பெட்டியின் அடியில் இருக்கும் எழுத்தின் பங்கு. கால் கிலோ பருப்பையும் அரைப் போத்தல் எண்ணெயையும் கூட்டி "முக்கால்" என்று எந்தக் கடைக்காரர் மகளும் சொல்லமாட்டாள். நான் சொல்லியிருக்கிறேன்.

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். விடையைக் கதைக்குள் திருப்பி அனுப்புங்கள். 1,000 இல் 10 % போனால் 900. 800 இற்கு வாங்கியதில் 100 இலாபம். அது எட்டில் ஒன்று. சரி. என் பழைய 980 ஐ அனுப்பிப் பாருங்கள்: 98 போனால் 882, இலாபம் 82, அது 10¼ %. அன்றைக்கு இந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் அடிக்கோட்டை அழித்திருப்பேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் நகரத்துக் கடைகளில் இதே பாடம் நடக்கும். பல வருடங்களுக்கு முன், 2,500 ரூபாவாக இருந்த சட்டை ஒன்றின் விலையை ஒரு கடை 20 % கூட்டி, பிறகு வாசலில் "20 % கழிவு" என்று பெரிதாக எழுதி வைத்தது. என் தம்பி, "அப்படியானால் பழைய விலைதானே அக்கா" என்றான். கூட்டியபோது நூறு 2,500 உடையது. 500 கூடி 3,000 ஆயிற்று. குறைத்தபோது நூறு 3,000 உடையது. 600 குறைந்து 2,400 ஆயிற்று. பழைய விலையைவிட நூறு ரூபா, அதாவது 4 % குறைவு. அந்த முறை நாங்கள் தப்பினோம். கழிவை நம்பி உள்ளே போன தம்பி இரண்டு சட்டை வாங்கிக்கொண்டு வந்தான் என்பது வேறு கதை. பரீட்சையில் "20 % கூட்டி, பின்னர் 20 % குறைத்தால்" என்று வந்தால் விலை ஒருபோதும் பழைய இடத்துக்குத் திரும்பாது.

வரியோடு வரும் வினாக்களில் கவனிக்க வேண்டியது இரண்டு சொற்கள்: "உட்பட", "நீங்கலாக". வரி உட்பட 29,500 ரூபாவுக்கு விற்கப்படும் தொலைபேசியின் வரிக்கு முந்திய விலை என்ன, வரி 18 %. வகுப்பில் பாதிப் பேர் 29,500 இன் 18 % ஐக் கண்டு கழிப்பார்கள். 5,310 வரும், மீதி 24,190. எண் கொஞ்சம் அழகில்லாமல் இருப்பதே ஓர் எச்சரிக்கை. 29,500 இற்குள் ஏற்கெனவே வரி உட்கார்ந்திருக்கிறது. அது நூறு இல்லை, நூற்றுப் பதினெட்டு. 29,500 ஐ 118 ஆல் வகுத்தால் 250. நூறு பங்கு 25,000 ரூபா. வரி 4,500 ரூபா. "உட்பட" என்ற சொல்லைப் பார்த்தவுடன் பக்கத்தில் 118 என்று சின்னதாக எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

இன்னொன்று. கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும் பிள்ளைகள் "ஒரு தாளில் 8 என்கிறார்கள், இன்னொன்றில் 12, இன்னொன்றில் 15, எது டீச்சர் சரி?" என்று கேட்கிறார்கள். எல்லாம் சரிதான். 2022 இல் மட்டும் இந்த வரி 8 இலிருந்து 12 ஆகி, பிறகு 15 ஆயிற்று. 2024 ஜனவரியிலிருந்து 18. வினாவில் எந்த வீதம் தந்திருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். செய்தியில் கேட்ட வீதத்தைக் கொண்டுவந்து வினாவுக்குள் நுழைக்காதீர்கள்.

மதிப்பீட்டு வரி என்று இன்னொன்று வரும். வீட்டின் ஆண்டுப் பெறுமதியில் உள்ளூராட்சிச் சபை அறவிடுவது, காலாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. நகரத்துப் பிள்ளைகள் வீட்டு மேசையில் அந்த வரித் துண்டைப் பார்த்திருப்பார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு வீடே சொந்தமில்லை, துண்டு எங்கிருந்து வரும்? அதனால் அந்தச் சொல்லைக் கண்டதும் மிரளுகிறார்கள். மிரள வேண்டாம். நூறு, ஆண்டுப் பெறுமதியுடையது. கண்ட வரியை நான்கால் வகுத்தால் காலாண்டு வரி. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மரக்கறிக் கணக்கு நம் பிள்ளைகளுக்கு நன்றாக வரவேண்டும், வருவதில்லை. கந்தப்பளை, ராகலை பக்கத்திலிருந்து லொறிகள் தம்புள்ளைக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஒரு வியாபாரி 200 கிலோ லீக்ஸை கிலோ 150 ரூபாவுக்கு வாங்குகிறார். லொறிக் கூலி 2,000 ரூபா. போகும் வழியில் 10 % அழுகிவிடுகிறது. மீதியை என்ன விலைக்கு விற்றால் 12½ % இலாபம் கிடைக்கும்?

இந்த வினாவில் இரண்டு நூறுகள் இருக்கின்றன, இரண்டும் இரண்டு இனம். அழுகியதன் நூறு கிலோவில் இருக்கிறது. இலாபத்தின் நூறு ரூபாவில் இருக்கிறது. பிள்ளைகள் செய்வது என்ன? அழுகிய 20 கிலோவின் காசையும் செலவிலிருந்து கழித்துவிடுவார்கள். அழுகிய லீக்ஸுக்குக் கொடுத்த காசைத் தோட்டக்காரர் திருப்பித் தருவாரா? தரமாட்டார். நான் கொப்பியின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரிக்கச் சொல்கிறேன். இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் காசு.

நிறை: 200 கிலோ. அழுகியது 20. விற்பது 180 கிலோ.
காசு: 200 × 150 = 30,000. கூலி 2,000. மொத்தச் செலவு ரூ. 32,000.
இலாபம்: 32,000 இன் எட்டில் ஒன்று, ரூ. 4,000. கைக்கு வர வேண்டியது ரூ. 36,000.
கிலோ ஒன்றின் விலை: 36,000 ÷ 180 = ரூ. 200.

இரண்டு பக்கமும் கடைசி வரியில் மட்டும் சந்திக்கின்றன. கூலியை வாங்கிய விலையோடு சேர்க்க மறப்பவர்களும் உண்டு. லொறிக்காரர் மறக்கமாட்டார்.

இனி சதவீதமே இல்லாத விலைக் கணக்கு. இரண்டு பொருள்கள், இரண்டு பில்கள், தனி விலை தெரியாது. சமன்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்புகிற ஒரு பையனுக்கு நான் இப்படிச் சொன்னேன்: தேநீர்க் கடையில் நீயும் இரண்டு நண்பர்களும் மூன்று பிளேன்டீயும் இரண்டு ரொட்டியும் எடுத்தீர்கள், 240 ரூபா. பக்கத்து மேசையில் ஐந்து பிளேன்டீயும் இரண்டு ரொட்டியும், 320 ரூபா. பிளேன்டீ எவ்வளவு? அவன் கொப்பியைத் திறக்கவே இல்லை. "அவர்கள் இரண்டு தேநீர்தான் கூடக் குடித்திருக்கிறார்கள், அதற்கு எண்பது, ஆகவே ஒன்று நாற்பது" என்றான். ரொட்டி? 240 இல் 120 போனால் 120, ஒன்று அறுபது. ஒருங்கமை சமன்பாட்டைத் தீர்த்துவிட்டாய் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை.

பரீட்சையில் ரொட்டிகள் இப்படிச் சமமாக வந்து நிற்காது. மூன்று கொப்பியும் இரண்டு பேனையும் 420 ரூபா. இரண்டு கொப்பியும் ஐந்து பேனையும் 390 ரூபா. ஒன்றும் சமமில்லை. சமமாக்குங்கள். முதல் பில்லை ஐந்து தடவை வாங்கியதாக வையுங்கள்: பதினைந்து கொப்பி, பத்துப் பேனை, 2,100 ரூபா. இரண்டாவதை இரண்டு தடவை: நான்கு கொப்பி, பத்துப் பேனை, 780 ரூபா. இப்போது பேனைகள் சமம். வித்தியாசம் பதினொரு கொப்பிக்கு 1,320 ரூபா. கொப்பி 120, பேனை 30. தாளில் எழுதும்போது கொப்பிக்கு ஓர் எழுத்து, பேனைக்கு ஓர் எழுத்து கொடுத்து, "கொப்பி ஒன்றின் விலை ரூபா க என்க" என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். விலை என்ற சொல் அந்த வரியில் கட்டாயம் இருக்க வேண்டும். "கொப்பி க என்க" என்று எழுதுகிறவர்கள் பாதி வழியில் அதைக் கொப்பிகளின் எண்ணிக்கையாக நினைத்துக்கொண்டு தடம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தவணைக் கணக்கு பதினோராம் தரத்துக்கு உரியது. பயந்து ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். எனக்கோ மிகவும் பிடித்தது அதுதான். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: தீபாவளி முற்பணம். ஒரு தொகையைக் கையில் தந்துவிட்டு, மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். முதல் மாதம் முழுக் கடனும் தலையில் இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு துண்டு குறைந்திருக்கிறது. அதற்கடுத்த மாதம் இன்னொரு துண்டு. கடைசி மாதம் ஒரே ஒரு துண்டு. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி என்றால் இந்தப் படிக்கட்டுக்கு வட்டி கட்டுவதுதான்.

60,000 ரூபா விலையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி. 12,000 ரூபாவை முதலில் செலுத்தி, மீதியை 12 சம மாதத் தவணைகளில், குறைந்து செல்லும் மீதிக்கு ஆண்டுக்கு 18 % வட்டியோடு செலுத்த வேண்டும். ஒரு தவணை எவ்வளவு?

மீதிக் கடன் 48,000. மாதத்துக்குக் குறையும் துண்டு 4,000. ஆண்டுக்கு 18 % என்றால் மாதத்துக்கு 1½ %. ஒரு துண்டுக்கு ஒரு மாத வட்டி 60 ரூபா. இப்போது படிக்கட்டை எண்ணுங்கள்: முதல் மாதம் 12 துண்டுகளுக்கு வட்டி, இரண்டாம் மாதம் 11 இற்கு, இப்படியே கடைசி மாதம் 1 இற்கு. 12 உம் 11 உம் 10 உம் என்று ஒன்றுவரை கூட்டினால் 78. புத்தகத்தில் இதற்குப் பெயர் மாத அலகு. விரல்விட்டு எண்ண வேண்டாம். 12 ஐ 13 ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் வந்துவிடும். மொத்த வட்டி 78 × 60 = 4,680 ரூபா. கட்ட வேண்டியது 52,680. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு தவணை 4,390 ரூபா.

48,000 இன் 18 % என்று நேரே எடுத்தவர்களுக்கு வட்டி 8,640 வரும். நூறு யாருடையது என்று கேட்காததன் விலை 3,960 ரூபா. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கு வட்டி கட்டுகிறார்கள், பாவம்.

கம்பனிப் பங்குகளின் கணக்கை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பங்கிலாபம் பங்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. 60,000 ரூபாவை, பங்கு 40 ரூபா வீதம் முதலிட்டால் 1,500 பங்குகள்; பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 3 ரூபா என்றால் வருமானம் 4,500; போட்ட காசின் 7½ %. பிறகு 46 ரூபாவுக்கு விற்றால் மூலதன இலாபம் 1,500 × 6, அதாவது 9,000. பங்கு என்றால் கொழும்புக்காரர் விவகாரம் என்று முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: 1992 இல் அரசு தோட்டங்களை ஒப்படைத்த பெருந்தோட்டக் கம்பனிகளில் பலவற்றின் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கி விற்கப்படுகின்றன. உன் அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிறாளே, அந்தத் தோட்டத்தின் ஒரு துண்டையும் யாரோ அன்றைக்கு வாங்கியிருக்கலாம்.

கணிப்பான் உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் பெரிய பெருக்கல்களுக்குள் தலையைக் கொடுக்காதீர்கள். 12½ % எட்டில் ஒன்று. 5 % பத்தில் ஒன்றின் பாதி. 15 % வேண்டுமென்றால் பத்தில் ஒன்றும் அதன் பாதியும். 18 % வேண்டுமென்றால் 20 % எடுத்து 2 % ஐக் கழியுங்கள். பின்னமாக எழுதி மேலும் கீழும் சுருக்கிவிட்டுக் கடைசியில் மட்டும் பெருக்குங்கள். முதல் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள் வரும். அங்கே விலைக் கணக்கு ஒன்று வந்தால் மேலே சொன்ன எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று மட்டத்தில்தான் இருக்கும். அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஏதோ தவறு; விட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். தாள் முழுவதற்கும் இருப்பது 2 மணித்தியாலம். தவணையும் வரியும் பங்கும் விரிவாக வருவது 3 மணித்தியால இரண்டாம் தாளில். அங்கே வழிக்கும் புள்ளி உண்டு. விடை பிழைத்தாலும் "விற்ற விலை = 800 × 112½/100" என்ற வரி நின்றால் அதற்குரியது கிடைக்கும். துண்டுத் தாளில் செய்து விடையை மட்டும் எழுதுகிற கெட்டிக்காரர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அது என்ன விலை என்று தமிழில் ஒரு சொல் எழுதுங்கள். புள்ளி போடுபவருக்கு அது உதவும். பாதி வழியில் மறந்துபோகும் உங்களுக்கு அதைவிட உதவும்.

கடந்த மாதம் பிள்ளைகளைச் சொந்தமாக ஒரு விலைக் கணக்கு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பெரும்பாலும் மாம்பழம், சைக்கிள், புத்தகம். ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். அவள் அம்மா கொழுந்து பறிப்பவர்.

"ஒரு நாளில் மூன்று தடவை கொழுந்து நிறுக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிக்கப்படுகிறது. அம்மா பறித்தது மொத்தம் 24 கிலோ. துண்டில் எழுதப்பட்டது எத்தனை கிலோ? கழித்தது எத்தனை சதவீதம்?"

எழுதப்பட்டது 18 கிலோ. அதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அடுத்த கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் 25 % என்றது, இன்னொரு பக்கம் 33⅓ % என்றது. நான் மூலையில் இருந்த வரியைக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றேன். கணக்கை எழுதியவள் எழுந்தாள். "பறித்ததில் பார்த்தால் கால் பங்கு டீச்சர். காசு தந்ததில் பார்த்தால் மூன்றில் ஒன்று. நான் கேட்டது பறித்ததில்." வினாவில் அதை எழுதவில்லையே என்றேன். கொப்பியை வாங்கிக்கொண்டு போய், "கழித்தது" என்பதற்கு முன்னால் "பறித்ததில்" என்று சேர்த்துக் கொண்டுவந்தாள்.